கம்பியின் முனையில் ஓர் ஆள்



இன்று பட்டதாரிகளாகும் தம்பி தங்கைகளே, 2020 மார்ச்சில் நீங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தீர்கள். பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஊரடங்கு வந்தது. தேர்வு தள்ளிப்போய், ஜூன் மாதத்தில் ரத்தே ஆனது. பதினோராம் வகுப்பின் பெரும்பகுதியைக் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் படித்தீர்கள். அந்த ஆண்டும் தேர்வில்லாமலே தேர்ச்சி. பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு வீடு திரும்பிய பிறகுதான் காலையில் ஆசிரியர் அனுப்பிய பாடத்தைத் திறக்க முடியும். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதே போன் என்றால் யார் முதலில் என்று சண்டை வரும். பெரும்பாலும் தங்கைதான் விட்டுக்கொடுப்பாள். மலையூர்ப் பிள்ளைகள் சிக்னல் தேடி மரக்கிளையில் ஏறி உட்கார்ந்த படங்கள் அப்போது செய்தித்தாள்களில் வந்தன. அந்தப் படங்களைப் பார்த்து நாடு இரக்கப்பட்டது. அந்த இரக்கம் நிதி ஒதுக்கீடாக மாறியதா என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓரளவு மாறியது என்பதை மறைக்கக் கூடாது. 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் ஏப்ரல் வரை, நான்கு மாதங்களுக்குத்தான். அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை அரசே ஏற்கும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. சுமார் 2.3 கோடி குடும்பங்கள் அதில் சேர்ந்திருந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் அவர்களுடைய நாடாளுமன்றம் புதிதாக ஒதுக்கவில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் திட்டம் நின்றது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அப்படி.

இரண்டிலும் ஒரே குறையைப் பார்க்கிறேன். பொதுப்பணத்தை ஒரு முறை கொடுக்க அரசுகள் தயங்குவதில்லை. மாதாமாதம் கொடுக்கத்தான் தயங்குகின்றன. கம்பி பதிப்பதற்குப் பணம் வந்துவிடும், பெட்டி பொருத்துவதற்கும் வரும், திறப்பு விழாவும் நடக்கும். அந்தக் கம்பியைப் பழுதில்லாமல் வைத்திருக்கவும், அதன் முனையில் ஓர் ஆளை உட்கார வைத்து அவருக்குச் சம்பளம் கொடுக்கவும் மட்டும் கணக்கில் தலைப்பு இருக்காது. இணையத்தில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே உள்ள பள்ளம் இன்னும் மூடாமல் இருப்பதற்கு இதையே முதன்மைக் காரணமாக நான் கருதுகிறேன்.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. பணம் கொடுத்தது கனடா நாட்டு அரசின் ஆய்வு நிதியமைப்பு. அதாவது அந்நாட்டு மக்களின் வரிப்பணம். வில்லியனூரில் தலைமை மையம். அங்கே செய்திகளைத் திரட்டித் தமிழில் எழுதி, கம்பியில்லா இணைப்பு வழியாகச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மின்சாரத்தை நம்ப முடியாத காலம் என்பதால் சூரியத் தகடுகளும் வைத்தார்கள். கணினியைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்பு, ஊருக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊரையே கேட்டார்கள். நெல் என்ன விலை, ஆஸ்பத்திரியில் எந்த மருத்துவர் எந்த நாளில் இருப்பார், எந்த அரசுத் திட்டத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம், பஸ் எத்தனை மணிக்கு. ஊர் இடம் கொடுக்க வேண்டும், அந்த இடத்தில் சாதி பார்க்காமல் எல்லோரும் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் நடந்தது. மையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். பள்ளிப்படிப்போடு நின்றவர்கள் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தார்கள்.

மையம் அமைந்த ஊர்களில் ஒன்றான வீராம்பட்டினம் மீனவக் குப்பம். அங்கே கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிடும் அலைக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத மீனவர், கட்டுமரத்தைத் தள்ளும் முன் காதால் இணையத்தைக் கேட்டார். அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ஆளுக்கொரு கருவி கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

2004 டிசம்பர் 26. புதுச்சேரிக் கரையில் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து ஊருக்குப் போன் செய்தார். செய்தி அறிவு மையத்துக்கு வந்தது. ஒலிபெருக்கி கத்தியது. ஊர் மேட்டுக்கு ஓடியது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் உயிர் பிழைத்தன. போன் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. ஒலிபெருக்கியைப் போடத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள், அவர்கள் குரலை நம்ப ஊர் ஏற்கெனவே பழகியிருந்தது. தினமும் அலை உயரத்தைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நம்பிக்கை அது.

இதற்கு நேர்மாறான அனுபவம் மதுரை மாவட்டம் மேலூரில் கிடைத்தது. 2001-இல் சென்னை ஐஐடியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் சேர்ந்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்க வழிசெய்தன. ஐஐடியிலேயே உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பம். சான்றிதழ் விண்ணப்பம் தாலுகா ஆபீசுக்கு மின்னஞ்சலில் போனது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படம் போனது. தொடக்கத்தில் கூட்டம். ஆனால் பல மையங்கள் ஊர் இளைஞர்கள் கடன் வாங்கித் தொடங்கியவை. தன் வருமானத்தில் தானே நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆதரித்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். மின்னஞ்சலில் வந்த விண்ணப்பங்கள் அலுவலகத்தில் தேங்கின. இயந்திரம் பழுதானால் பார்க்க ஆள் வரத் தாமதமானது. சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடிக்கிடந்தன. அறிவில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. பொதுச் சேவையை ஒரு பெட்டிக்கடைபோல லாபத்தில் நடத்தச் சொன்னதுதான் குறை.

தமிழ்நாட்டுக்குத் தெரியாத பாடமா இது? 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, அடுப்பும் அண்டாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு அரசு கைகழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், அரிசி, பருப்பு. அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் போதாது என்பது நியாயமான குறை, அது வேறு பேச்சு. ஆனால் வருடா வருடம் பட்ஜெட்டில் இடம்பெற்றதால்தான் சோறு வெந்தது, உங்களில் பலர் அதைச் சாப்பிட்டுப் பள்ளிக்கு வந்தீர்கள். இணையத்தையும் அந்த வரிசையில் வைத்து எண்ணத்தான் நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் ஒவ்வொரு முறை ரீசார்ஜ் செய்யும்போதும் அதற்கென ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை, கிராமங்களுக்கும் எட்டாத இடங்களுக்கும் தொலைத்தொடர்பைக் கொண்டுசெல்வதற்கான நிதிக்குக் கட்ட வேண்டும். 2002-இல் தொடங்கிய இந்த நிதிக்கு அடுத்த ஆண்டே சட்டத் தகுதி கிடைத்தது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் ரீசார்ஜும் அதில் சேர்கிறது. ஆனால் வசூலானதில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. அம்மாவிடம் வாங்கிய காசு அம்மாவின் ஊருக்குத் திரும்பவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

செலவான பணத்தில் பெரும்பங்கு பாரத்நெட் திட்டத்துக்குப் போனது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்ல 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளைத் தொடவே 2017 முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான பொறுப்பு டான்ஃபினெட் என்னும் மாநில அரசு நிறுவனத்திடம் வந்தது. ஆயிரம் நாட்களில் எல்லாக் கிராமங்களுக்கும் ஒளியிழை என்று 2020 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். அந்த ஆயிரம் நாட்கள் 2023 மே மாதத்தில் கடந்துபோயின, வேலை முடியவில்லை. பழைய அமைப்பில் வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஒற்றைத் தடத்தில் கம்பி போகும். சாலை போட வந்த ஜேசிபி ஓரிடத்தில் அறுத்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் செத்துவிடும். அறுந்ததைச் சேர்க்க யாரைக் கூப்பிடுவது என்று ஊராட்சி எழுத்தருக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் ரூ. 1,39,579 கோடியில் திட்டத்தைத் திருத்தி அமைத்தார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி வந்து சேர, வளைய வடிவில் கம்பி. பத்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே ஒப்பந்தம். பராமரிப்பு என்ற சொல்லுக்கு உரிய எடை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனதை நினைத்துப் பாருங்கள்.

"எல்லோர் கையிலும்தான் போன் இருக்கிறதே, அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016-க்குப் பிறகு டேட்டா விலை சரிந்ததில் தனியார் நிறுவனங்கள் செய்ததை எந்த அரசுத் திட்டமும் அவ்வளவு வேகத்தில் செய்யவில்லை. அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாபம் இருக்கும் இடம் வரைதான் டவர் வரும். 2024 ஜூலையில் அந்த நிறுவனங்கள் வரிசையாகக் கட்டணத்தை உயர்த்தியபோது, எந்த வீட்டில் ரீசார்ஜ் தள்ளிப்போனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்னொரு பக்கம், அரசே எல்லாவற்றையும் இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவைச் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் எல்லா வேலையிடங்களிலும் கட்டாயமானது. படம் ஏறாவிட்டால் கூலிக்குச் சிக்கல். ஒரு வழியைத் தவிர மற்ற வழிகளை அரசு அடைத்தால், அந்த ஒரு வழியைத் திறந்து வைக்கும் செலவும் அரசுடையதே. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. ஒரே வீடு, ஒரே டவர். அப்படியும் இவ்வளவு இடைவெளி. 2019-இல் கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரியில், விடுதி மாணவிகள் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி வழக்குத் தொடுத்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வயதில் ஒருத்தி நாடு முழுவதற்கும் வாங்கிக் கொடுத்த வாதம் அது. வீட்டுக்குள் போன் கிடைக்காத பெண்ணுக்கு, தயங்காமல் போய் உட்கார்ந்து பார்க்க வெளியே ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகங்களுக்குச் சட்டம் இயற்றியதில் முன்னோடி நம் சென்னை மாகாணம். நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்க வழிசெய்தது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம் இல்லாமல் நூலகம் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. ஒளியிழையின் முனையை ஊராட்சி அலுவலகத்துப் பூட்டிய அறையில் வைப்பதைவிட, நூலகத்தின் வாசிப்பு மேசைக்குக் கொண்டுவரலாம். அங்கே இரண்டு கணினி, ஓர் அச்சுப்பொறி, விண்ணப்பம் நிரப்பக் கற்றுத்தர மாதச் சம்பளத்தில் ஊர்ப் பெண் ஒருவர். அந்தச் சம்பளத்தை டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து கேட்போம். அம்மாவின் ரீசார்ஜ் காசு அம்மாவின் ஊருக்கு வந்து சேர அது நேரான வழி.

உங்களில் கணினி படித்தவர்கள் நாளை அரசுக்குச் செயலி எழுதப் போவீர்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். வணிகவியல் படித்தவர்கள் ஒப்பந்தப் புள்ளிகளைச் சரிபார்க்கும் நாற்காலியில் உட்காருவீர்கள். பராமரிப்புக்குத் தனித் தலைப்பு இல்லாத திட்ட அறிக்கை வந்தால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள். இதழியலுக்குப் போகிறவர்கள் திறப்பு விழாவுக்குப் போங்கள், இரண்டு ஆண்டு கழித்தும் அதே ஊருக்குப் போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், எல்லோராலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊராட்சிக்கு வந்த ஒளியிழைப் பெட்டி எங்கே இருக்கிறது, விளக்கு எரிகிறதா, எரியவில்லை என்றால் யாருக்கு எப்போது புகார் போனது, இதை நூலகத்துக்கும் பள்ளிக்கும் நீட்டிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உங்கள் அம்மாவையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய பணமும் அதில் இருக்கிறது.