போர்டு மாட்டியவன் பேசுகிறேன்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் வங்கி கவுன்டரில் பல வருஷம் டோக்கன் நம்பர் கூப்பிட்டவன். நேரம் முடிந்ததும் என்னைக் கூப்பிடுங்கள், இறங்கிவிடுகிறேன்.

பி பிளாக் கார் நிறுத்துமிடத்தில் 'இங்கே விளையாடக் கூடாது' என்று ஒரு போர்டு இருக்கிறதே, அது நான் பொருளாளராக இருந்தபோது வாங்கியது. வவுச்சரில் என் கையெழுத்துதான். ஒரு கார் கண்ணாடி உடைந்தது, புகார் வந்தது, போர்டு மாட்டினோம். பிள்ளைகள் இனி எங்கே விளையாடுவார்கள் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கே போனார்கள்? கார் ஏறி வரும் சரிவுக்குப் போனார்கள். போன மாதம் பந்தை எடுக்க ஓடி வந்த ஒரு பையன் ஸ்கூட்டருக்கு ஓரடி முன்னால் நின்றான். ஸ்கூட்டரில் வந்தவன் நான். பிரேக் பிடித்தது. அவன் "சாரி தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் அந்த ஊரில் விளையாட இடமில்லை. நகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் எய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1947இல் ஒரு சின்ன சதுக்கத்தில் முதல் விளையாட்டு இடத்தை அமைத்தார். அகலமான விளிம்பு வைத்த மணல் தொட்டி, வட்டமான கல் திட்டுகள், குட்டிக்கரணம் அடிக்க இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான். யானை முகம் வைத்த சறுக்குமரமெல்லாம் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு மற்ற தெருக்காரர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். 1978 வரை 700க்கும் மேல் அமைத்தார். வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த துண்டு நிலங்கள்தான் பலவற்றுக்கு உதவின.

எனக்குப் பிடித்தது அந்த மணல் தொட்டி விளிம்பு. குழந்தைக்கு அது மண் இட்லி அடுக்கும் மேடை, அம்மாவுக்கு உட்காரும் திண்ணை. இன்னதுக்குத்தான் என்று எழுதி ஒட்டாததால் எல்லோருக்கும் பயன்பட்டது.

நம் ஊரிலும் இது புதிதில்லை. கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. காய்க்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக்காரனும் எதிரெதிரே உட்காரலாம். சின்னப் பிள்ளைகள் எப்போதும் புலிதான் கேட்பார்கள். ஆடு வைத்து விளையாடத்தான் பொறுமை வேண்டும். ஒன்றை இழந்தாலும் பதறாமல் புலியைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இது. சம்ப்புக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பழைய தொட்டிகள் போட்டு வைத்திருக்கும் இடத்தைக் காலி செய்யுங்கள். கார் வராத இடம் அது ஒன்றுதான். தரையில் பாண்டிக் கட்டங்கள் வரைவோம். முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் திண்ணை கட்டி, அதன்மேல் ஆடுபுலிக் கோடும் பல்லாங்குழிக்குப் பதினான்கு குழியும் போடுவோம். மணல் தொட்டி வேண்டாம், நம் பூனைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் செலவு என்னுடையது. அந்த போர்டுக்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரைத்தள வீட்டுக்காரர்கள் சத்தம் பற்றிக் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அங்கே யாரும் விளையாட வேண்டாம். பந்தாட்டமும் அங்கே கிடையாது. பெரிய பையன்களுடைய கிரிக்கெட்டுக்கு இது தீர்வில்லை, அதற்கு என்னிடம் வழியும் இல்லை.

கையால் வரைந்த படம் ஒன்று செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் அதன்மேலேயே பென்சிலால் எழுதுங்கள். தொட்டிகள் யாருடையவை என்று மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.