கதவு மூடுமுன்

தோட்டத்துப் பக்கம் ஓடும் பஸ்ஸில், "அண்ணே, பிள்ளை இன்னும் ஏறலை!" என்று குரல் கொடுத்தால் ஓட்டுநர் நிறுத்துவார். கோலாலம்பூரில் 1998ஆம் ஆண்டு முதல் ஓடும் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. இரயிலிலோ ஓட்டுநரே இல்லை. கணினி இயக்குகிறது, கதவு தானே மூடிக்கொள்ளும்.

ஆகவே, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்போம். இறங்குவோர் இறங்கியபின் ஏறுவோம். மூடும் கதவை நோக்கி ஓடவேண்டாம். அடுத்த வண்டி வரும்.

அப்படியும் பிரிந்துவிட்டால்? பிள்ளை மேடையில் நின்றுவிட்டால், அங்கேயே நிற்கட்டும். நாம் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்புவோம். பிள்ளை மட்டும் வண்டியில் போய்விட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே காத்திருக்கட்டும். நிலைய ஊழியரிடமும் உடனே சொல்வோம்.

இதைப் பட்டணம் புறப்படுமுன் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம்.