புகையிலையை விட மனஉறுதி மட்டும் போதுமா?

(உலகப் புகையிலை எதிர்ப்பு நாளையொட்டி, நமது இதழின் வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாகக் கூட்டத்தில் பேச வருபவர்கள் "செல்போனை உள்ளே வையுங்கள்" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கையிலேயே இருக்கட்டும். பேச்சின் முடிவில் இரண்டு எண்களைச் சொல்லப்போகிறேன், சேமித்துக்கொள்ளுங்கள்.

பீடியோ, சிகரெட்டோ, வாயில் அடக்கும் புகையிலையோ, அதை விட முயன்று மறுபடியும் தொட்டவர் நம் வீட்டிலோ தெருவிலோ ஒருவராவது இருப்பார். அவரைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? "மனசு வெச்சா முடியாதா? அவனுக்கு உறுதி கிடையாது." இதைக் கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பிவிடுகிறார். இரண்டு முறை தோற்றவர் மூன்றாவது முறை முயல்வதில்லை. டாக்டரிடம் கேட்கவும் கூச்சம். இன்றைய பேச்சு அவருக்காகத்தான்.

அவர் தனி ஆளும் இல்லை. 2016-17-ல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அதாவது ஐந்தில் ஒருவர்.

மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

"இந்த மாத்திரை சாப்பிட்டேன், விட்டுட்டேன்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதாது. மாத்திரை இல்லாமலேயே அவர் விட்டிருக்கலாம் இல்லையா? அதனால் ஆய்வாளர்கள், விட விரும்புபவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான மருந்து. இன்னொரு பிரிவுக்கு அதே போலத் தோன்றும், ஆனால் மருந்து இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் "விட்டுட்டேன்" என்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கருவியில் ஊதச் சொல்லி, மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அளந்து பார்ப்பார்கள்.

போலந்தின் வார்சா நகரில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். 2011-ல் முடிவு வெளியானது. சிடிசின் என்ற மருந்து. ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது. கிழக்கு ஐரோப்பாவில் 1960-கள் முதலே பயன்பாட்டில் உள்ள, விலை குறைந்த மாத்திரை. 740 பேர் கலந்துகொண்டார்கள். 25 நாள் மாத்திரை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 8.4 பேர் புகைக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.4 பேர்தான்.

இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, மருந்து வெற்றி வாய்ப்பை மூன்று மடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்தவர்கள் எல்லோருமே விட வேண்டும் என்று ஆசைப்பட்டு, தாங்களாகவே வந்தவர்கள். மருந்து எடுத்தும் 100-க்கு 90 பேருக்கு மேல் அந்த முறை முடியவில்லை. அத்தனை பேருக்கும் மனஉறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? நிகோட்டின் மூளையைப் பிடித்து வைத்திருக்கும் பிடி அவ்வளவு பலமானது. அந்த ஆய்வில் ஆலோசனை மிகக் குறைவாகவே தரப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பயத்தையும் சோதித்துப் பார்த்த ஆய்வு

வரெனிக்லின் என்று இன்னொரு மாத்திரை. மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் தூண்டும், அதனால் தவிப்பு குறையும். இடம் அடைபட்டிருப்பதால், இடையில் ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது.

ஆனால் இது மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுமோ என்ற அச்சம் எழுந்தது. 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாத்திரையின் விவரத் தாளில் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. பிறகு 16 நாடுகளில் 8,144 பேரை வைத்து 'ஈகிள்ஸ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. கலந்துகொண்டவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்கள். 2016-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது, கடுமையான மனநலப் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்த எச்சரிக்கைக் கட்டம் நீக்கப்பட்டது.

பலன்? 9-வது வாரம் முதல் 24-வது வாரம் வரை தொடர்ந்து புகைக்காதவர்கள், வரெனிக்லின் பிரிவில் 100-க்கு 21.8, பியூப்ரோபியான் என்ற மாத்திரைப் பிரிவில் 16.2, நிகோட்டின் பேட்ச் பிரிவில் 15.7, வெற்று மாத்திரைப் பிரிவில் 9.4. இங்கே எல்லாப் பிரிவினருக்கும் ஆலோசனையும் தொடர்ந்து கிடைத்தது.

வாயில் அடக்கும் புகையிலைக்கு?

நம் ஊரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலான ஆய்வுகள் சிகரெட் புகைப்பவர்களை வைத்தே நடந்தன. மெல்லும் புகையிலைக்கு ஆதாரம் குறைவு. டெல்லியில் மெல்லும் புகையிலை பயன்படுத்திய 237 பேரிடம் வரெனிக்லின் சோதிக்கப்பட்டது. மருந்துப் பிரிவில் விட்டவர்கள் சற்றுக் கூடுதல்தான், ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களிடையே மட்டும் விட்டவர்கள் அதிகம் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், மெல்லும் புகையிலையை விட விரும்புபவர்களுக்கும் ஆலோசனையைப் பரிந்துரைக்கிறது. மருந்து என்றால் வரெனிக்லின் அல்லது நிகோட்டின் மாற்றுச் சிகிச்சை.

நிகோட்டின் சூயிங்கம் பற்றி ஒரு வார்த்தை. வெற்றிலை மெல்வது போலத் தொடர்ந்து மென்றால் பலன் தராது. விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிஞ்சும். சில முறை மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். அதற்கு முந்தைய 15 நிமிடமும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி வேண்டாம். "சூயிங்கம் வேலைக்கே ஆகலை" என்பவர்களில் பலருக்கு இந்த முறையை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. குறிப்பாக, வலிப்பு உள்ளவர்களுக்குப் பியூப்ரோபியான் ஆகாது.

நீங்களே ஆய்வில் சேரலாமா?

சேரலாம். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை 'இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆய்வுகளை இதில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். யாராவது "ஆய்வுக்கு வாங்க" என்று அழைத்தால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும், எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். ஆய்வினால் உடல்நலம் கெட்டால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். இதெல்லாம் சலுகை இல்லைங்க, உங்கள் உரிமை.

இனி என்ன செய்யலாம்?

இப்போது செல்போனை எடுங்கள். முதல் எண் 1800-11-2356. இது தேசிய புகையிலை நிறுத்த உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. ஆலோசகர் உங்களோடு பேசி, விடுவதற்கு ஒரு தேதி குறிக்க உதவுவார். பிறகு அவரே கூப்பிட்டும் விசாரிப்பார். இரண்டாவது எண் 011-22901701. மிஸ்டு கால் கொடுத்தால் போதும், விடுவதற்கு உதவும் குறுஞ்செய்திகள் வரும். மருந்து வேண்டுமென்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் "புகையிலையை விடணும், உதவி வேணும்" என்று நேரடியாகக் கேளுங்கள்.

விட்ட முதல் வாரம்தான் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். புகைக்கத் தோன்றும் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான் நீடிக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அவர் மறுபடி தொட்டுவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "போன தடவை எத்தனை நாள் தாக்குப்பிடிச்சீங்க? இந்தத் தடவை மருந்தும் சேர்த்துப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவரை நாம் பலவீனர் என்று சொல்வதில்லை. இவரையும் அப்படிச் சொல்ல வேண்டாம்.