இடம்பெயர்ந்த பண்ணைவீடு



வீடொன்றைக் கழற்றி எடுத்துச்சென்று, வேறோர் ஊரிலே மீண்டும் நிறுத்துதல் இயலுமோ? இங்கிலாந்தின் பழந்தச்சர்கள் மரத்தால் எழுப்பிய பண்ணைவீடுகளுக்கு அது இயலும். அவற்றுள் ஒன்றாகிய பேலீவ் என்னும் வீட்டைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கென்ற் மாவட்டத்துச் சிடிங்ஸ்ரோன் என்னும் ஊரில், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது இவ்வீடு. நடுவே கூரைமுகடு வரை திறந்த மண்டபம். ஒரு பக்கத்திலே பண்டங்கள் வைக்கும் அறைகளும் அவற்றின்மேல் மாடியும். மறுபக்கத்து அறைகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சேர்க்கப்பட்டன. மாடிகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னே நீண்டிருக்க, எல்லாவற்றையும் ஒரே கூரை மூடிநிற்கும். மண்டபத் தரையின் நடுவே அடுப்பு; புகைபோக்கி இல்லை. மேலெழுந்த புகை கைமரங்களைக் கருக்கியபின் கூரை வழியே வெளியேறும். சாளரங்களுக்குக் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் கதவுகளுமே காவல்.

இவ்வீட்டிலே கூரையைத் தாங்குவது சுவரன்று, ஓக் மரச்சட்டகமே. சட்டங்களின் இடைவெளியை வரிச்சுகளும் அவற்றின்மேற் பூசிய களிமண்ணும் நிரப்பும். உலர்ந்த ஓக் இரும்புபோல் இறுகுமாதலால், தச்சர் பச்சை மரத்தையே செதுக்கினர். சட்டங்களை முதலில் தரையிற் கிடத்திப் பொருத்தி, ஒவ்வொரு பொருத்துக்கும் குறியிட்டனர். பின்னர் கழுந்தைத் துளையிற் செலுத்தி, மர ஆணியால் இறுக்கினர். இரும்பாணி வேண்டியதில்லை.

அந்தத் தொழில்முறையே 500 ஆண்டுகளின் பின் வீட்டைக் காத்தது. 1960களில் அவ்விடத்திலே நீர்த்தேக்கம் அமைக்க முற்பட்டனர். வீடு நீரில் மூழ்காதவாறு, 1968இலும் 1969இலும் அதனைப் பொருத்துப் பொருத்தாகக் கழற்றினர். சசெக்ஸ் மாவட்டத்துச் சிங்கிள்ரனில் 1970இல் திறக்கப்பெற்ற திறந்தவெளி நூதனசாலையிலே, 1972இல் அது மீண்டும் எழுந்து நின்றது. அழிந்த உறுப்புகளுக்குப் புதுமரம் இட்டனர்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. பிற்காலத்தார் கட்டிய புகைபோக்கியை மீண்டும் கட்டாது விட்டனர். 16ஆம் நூற்றாண்டின் தோற்றமே காட்டப்படுகின்றது. பின்வந்த பல தலைமுறைகளின் வாழ்வுச் சுவடு மறைந்ததே, இது முறையோ? புகைபோக்கி நின்றிருந்தால், திறந்த மண்டபத்தின் பொருளும் கைமரக் கருமையின் காரணமும் காண்பார்க்கு விளங்கா. ஆதலால் அம்முடிவை யான் குறைகூறேன். எனினும் ஒரு காலத்தைக் காட்ட மற்றொரு காலத்தை இழக்க நேர்ந்தது என்பதை மறத்தலும் ஆகாது.

பெயரறியாத் தச்சர் கூரையேற்றுமுன் இட்ட குறிகள் பெருமைக்கு இட்டவையல்ல. அடுத்த நாள் வேலை பிழையாமைக்கு இட்டவை. செம்மையாகச் செய்த தொழில், செய்தவன் கருதாத காலத்திலும் துணைநிற்கும் என்பதற்கு இவ்வீடே சான்று.