கொசுவின் காலில் ஓர் எழுத்து
(ஆதரவாளர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



உலகில் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 100-க்கு 95 பேர் ஆப்பிரிக்காவில்; பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்காகவே மருந்திட்ட கொசுவலைக்குக் கொடுக்கிறோம். அந்த வலை இன்னும் கொசுவைக் கொல்கிறதா என்று கேட்பதும் நம் கடமையல்லவா?

வலையிலுள்ள பைரித்ராய்டு மருந்து, கொசுவின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொசு துடித்து விழும். ஆனால் சில கொசுக்கள் விழுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியே கொசுவில் இதற்கான ஒரு காரணம் 1998-ல் வெளிவந்தது. அந்த வாசலின் புரதத்தில் 1014-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின் இருந்தது. மரபணுவில் மாறியது ஒரே ஓர் எழுத்துதான்! கென்யாவில் அதே இடத்தில் செரின் இருப்பது 2000-ல் தெரியவந்தது.

இதைக் கண்டுபிடிக்க, செத்த கொசுவின் ஒரு கால் போதும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிப்பாகும். 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்று 100 கோடியைத் தாண்டும். மாறிய எழுத்தோடு மட்டும் பொருந்தும் பிரைமர் ஒன்று, மாறாத எழுத்தோடு பொருந்துவது ஒன்று. எது பெருகியதோ அதன் கோடு ஜெல்லில் தெரியும். இரண்டு கோடும் தெரிந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றம் வந்திருக்கிறது. அத்தகைய கொசு பெரும்பாலும் மருந்துக்குச் சாகும். ஆனால் அதன் சந்ததி சாகாமல் போகலாம். ஆகவே ஆபத்து பரவுமுன்பே இந்தச் சோதனை எச்சரிக்கிறது.

ஆனால் இது மட்டும் போதாது. சில கொசுக்கள் தம் உடலிலுள்ள நொதிகளால் மருந்தையே சிதைத்துவிடும். அதை இந்தச் சோதனை காட்டாது. எனவே உயிருள்ள கொசுக்களை ஒரு மணி நேரம் மருந்தில் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணவும் வேண்டும். 100-க்கு 90-க்குக் குறைவாகச் செத்தால் எதிர்ப்பு உறுதி.

விடை தெரிந்தால் வழியும் உண்டு. நொதியைத் தடுக்கும் பி.பி.ஓ. சேர்த்த வலைகளை 2017-லும், குளோர்ஃபெனபைர் சேர்த்த வலைகளை 2023-லும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவற்றின் விலை சற்று அதிகம். எந்த ஊருக்கு எது தேவை என்று அறியாமல் வாங்கினால், கொடுத்த பணமும் வீண், குழந்தையும் காக்கப்படாது.

ஆகையால் நண்பர்களே, வலைக்குக் கொடுக்கும்போது, அதைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கொசுவின் காலைப் பார்ப்பவரும் ஒரு குழந்தையின் உயிரையே காக்கிறார்.