களைக்குப் பகையாகும் பூசணம்



திருச்சிராப்பள்ளி நகரினூடே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். சோழர் காலத்ததாகிய அவ்வாய்க்காலை அடிக்கடி அடைத்து நிற்பது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவில் தோன்றிய இச்செடியை அதன் ஊதா மலருக்காகவே பிற நாட்டார் கொண்டு சென்றனர். வாரி எறிந்தாலும், எஞ்சியவை பக்கக் கன்றுகள் விட்டு விரைவில் நீரை மூடிவிடும். இரசாயன மருந்து தெளிக்கலாமே எனின், அந்நீரன்றோ நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கின்றது? திருவரங்கத் தோட்டங்களை எண்ணும்போதும் இதே கவலை எழுகின்றது.

முள்ளை முள்ளால் எடுப்பது நம் வழக்கம். பயிருக்கு நோய் தரும் பூசணத்தைப் பற்றி வகுப்பில் பல்லாண்டு கற்பித்தவன் நான். களைக்கு நோய் தரும் பூசணமும் உண்டு. அது நமக்கு நண்பன். நாகராஜ், பொன்னப்பா என்னும் அறிஞர் இருவர், இந்தியாவில் ஆகாயத்தாமரையின் இலையைக் கருக்கும் பூசணம் ஒன்றை ஆராய்ந்து, 1970-ஆம் ஆண்டில் ஆல்டர்நேரியா ஐக்கோர்னியே எனப் பெயரிட்டனர். அதன் நுண்வித்து இலைமேல் படிந்து, பனியின் ஈரத்தில் முளைத்து, மெல்லிய இழையாக உள்ளே புகுகின்றது. நச்சுப்பொருளைச் சுரந்து இலையைக் கருக வைக்கின்றது.

இயற்கையில் இந்நோய் மெல்லவே பரவும். ஆகவே வித்துகளை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, நீரில் கலந்து, ஒருசேரத் தெளிப்பதே அறிஞர் கண்ட வழி. அமெரிக்க நெல் வயல்களில் முளைக்கும் தக்கை இனக் களை ஒன்றைக் கொல்ல, பூசண வித்துகளால் ஆகிய 'கொலிகோ' என்னும் மருந்து 1982-இல் அங்கே பதிவு பெற்றது. களை மடிந்தது, நெல் பிழைத்தது.

ஆயினும் அவசரம் கூடாது. களையைத் தாக்கும் பூசணம் நெல்லையும் வாழையையும் வெற்றிலையையும் தீண்டாது என்பதை முதலில் சோதித்து அறிதல் வேண்டும். இரண்டாவதாக, ஈரமின்றி வித்து முளையாது. நம் கோடை வெயிலில் அது உலர்ந்துவிடும். மூன்றாவது, நம்மைப் பொறுத்தது. நோயுற்ற இலை உதிர்வதினும் விரைவாகப் புதிய இலை தோன்றுமாயின் செடி தப்பிவிடும். அத்தகைய செழிப்பை அதற்கு ஊட்டுவது எது? வாய்க்காலில் நாம் கலக்கும் சாக்கடை நீரே!

ஆகவே, பூசணம் நமக்குத் துணையாகுமேயன்றி, நம் கடமையைத் தான் ஏற்றுக்கொள்ளாது. ஆகாயத்தாமரையின் இலையில் பழுப்புப் புள்ளியைக் கண்டால், அது எந்தப் பூசணத்தின் வேலை என்று உங்கள் தாவரவியல் ஆசிரியரை வினவுங்கள். அவ்வினாவிலிருந்தே நல்ல ஆராய்ச்சி தொடங்கக்கூடும்.