ஆமவாதமும் உணவும்

விரல், மணிக்கட்டு, முழங்கால் எனப் பல மூட்டுகள் வீங்கி, சூடேறி, விறைத்துப்போகும் நோயை ஆயுர்வேதம் ஆமவாதம் என்கிறது. அதைத் தனி நோயாக விரித்துரைத்த நூல் மாதவநிதானம். நவீன மருத்துவத்தின் முடக்குவாதத்தோடு இதன் அறிகுறிகள் பெரிதும் ஒத்துப்போகின்றன.

பசித்தீ மந்தமாகும்போது உணவு முழுதாகச் செரிக்காமல் 'ஆமம்' என்னும் பிசுபிசுப்பான கழிவாகிறது. வாதம் அதை மூட்டுகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது ஆயுர்வேதத்தின் விளக்கம். ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவும், உடல் அசையாத வாழ்க்கையும், நெய்ப்பண்டம் உண்ட கையோடு கடும் உடற்பயிற்சி செய்வதும் இதற்குக் காரணங்களாம். அதனால் சிகிச்சையும் வயிற்றிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் இலகுவான உணவு. கொள்ளு, வரகு, பழைய அரிசி, பாகற்காய், முருங்கை, பூண்டு, மோர், சுக்கு போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஆகியவை ஏற்றவை. தயிர், மீன், வெல்லம், உளுந்து மாவுப் பண்டங்கள் விலக்கப்படுகின்றன. தயிருக்குத் தடை, மோருக்கு அனுமதி என்ற நுட்பம் கவனிக்கத்தக்கது. பகல் தூக்கமும் இரவில் கண்விழிப்பதும் ஆகா.

வலித்த இடத்தில் எண்ணெய் தேய்ப்பதே பலரின் வழக்கம். ஆமம் மிகுந்த நிலையில் அது கூடாது. சூடாக்கிய மணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதே முறை.

முடக்குவாதம் கவனிக்காமல் விட்டால் மூட்டையே அரித்துவிடும். உணவுமுறை துணை நிற்கும். ஆனால் மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. இந்நோய்க்குச் சொல்லப்படும் விளக்கெண்ணெயையும் வைத்தியர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.